ஐந்து தலைக்கு ஒரு வாய்

பயிற்சி முடித்த கையோடு பாடம் நடத்த வருகிறவர்களைக் கொஞ்ச காலம் எங்கேயாவது பூட்டி வைப்பது நல்லது. வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை. இருபத்தோரு வயதில் என்னை யாராவது அப்படிப் பூட்டி வைத்திருந்தால் ஊருக்கு உபகாரமாக இருந்திருக்கும். யாரும் வைக்கவில்லை. கையில் ஒரு குடை, தோளில் ஒரு துணிப்பை, பைக்குள் ஊதா மசியில் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம், இவற்றோடு என்னை எண்ணூர் ரயிலில் ஏற்றிவிட்டார்கள்.

எம்டன் கப்பல் வந்து குண்டு போட்ட வருஷம் நான் மூன்றாம் வகுப்பு. அப்பா ராயபுரத்தில் ரயில்வேயில் பிட்டர். எங்கள் தெருவில் சம்பளத்துக்கு வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். இதை யாரும் கேட்காமலேயே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். (பூசை முடிந்து மாதா கோவிலை விட்டு வெளியே வருகிற கூட்டத்தில் சற்று உரக்கவே சொல்வேன்.)

அந்த ஊதா நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயிற்சிப் பள்ளியில் ஒரு பிற்பகல், எங்கள் ஆசிரியை ஒருவர் 'குழுமுறைப் போதனை' என்று ஒரு விரிவுரை நடத்தினார். பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து ஒப்பிக்கச் சொல்வது பழைய முறையாம். ஐந்து ஐந்து பேராகப் பிரித்து வட்டமாக உட்கார வைத்தால் ஒருவருக்கொருவர் கேட்டு, கலந்து, தாங்களே கற்றுக்கொள்வார்களாம். நான் சொக்கிப் போய்விட்டேன். பதினோரு பக்கம் குறிப்பு எடுத்தேன். கடைசிப் பத்து நிமிஷம் அந்த அம்மாள், இந்த முறையில் என்னென்ன தப்பு நேரலாம் என்பதைப் பற்றிப் பேசினார். அது எனக்கு அவ்வளவாகக் காதில் விழவில்லை. நான் வட்டங்களுக்குச் சிவப்பு மசியில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கிடைத்த வேலை காத்திவாக்கத்துக் குப்பத்தில் ஓர் ஓலைக் கொட்டகைப் பள்ளிக்கூடம். இரண்டு ஆசிரியர்கள். தலைமை ஆசிரியர் கீழ் வகுப்புகளையும் அங்கே இருந்த ஒரே நாற்காலியையும் வைத்துக்கொண்டார். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்த்து இருபது பேர் எனக்கு. இருபதும் அலைச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகின தொண்டைகள். ஒரு கேள்வி கேட்டால் இருபது பதில் ஒரே நேரத்தில் வரும். அதில் நாலைந்து, நான் கேட்காத கேள்விகளுக்கு.

வந்த மூன்றாம் நாளே ஊதா நோட்டைத் திறந்தேன். இருபது பேரை நாலு குழுவாகப் பிரித்தேன். சுறா, கெளுத்தி, நண்டு, இறால் என்று பேர் வைத்தேன். 'உங்களுக்குள் கலந்து பேசி ஒரு பதில் சொல்லுங்கள்' என்றேன். கலந்து பேசினார்கள். சுறாவில் இரண்டு பலகை உடைந்தது. நண்டில் ஒருத்திக்குக் காதணி அறுந்தது. இறால் குழு மொத்தமாக எழுந்து வெளியே போய்த் திரும்பி வந்தது. எதற்கு என்று இன்று வரைக்கும் தெரியாது.

நான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றபோது கெளுத்திக் குழுவிலிருந்து பாளையம் எழுந்தான். பன்னிரண்டு வயசுக்கு மீறின உடம்பு, கரகரத்த பெரிய குரல். அவன் அப்பாவுக்குச் சொந்தமாகக் கட்டுமரமும் வலையும் உண்டு.

"டீச்சரம்மா, கடல்ல இப்டி கத்திகினு இருந்தா மீனு வருமா?"

"வராதா?"

"எப்டி வரும்? வலை எறங்கிட்ச்சின்னா பின்னால குந்திகினு கீறவரு மட்டுந்தான் பேசுவாரு. வலை மேல ஏறுற வரிக்கும் மத்தவங்கோ வாயே தொறக்கக் கூடாது."

"திறந்தா?"

"மறாநாளு மரத்துல ஏத்த மாட்டாங்கோ" என்றான். மற்ற பத்தொன்பது பேரும் தலையை ஆட்டினார்கள். அவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பயிற்சிப் பள்ளியில் படித்த முறையும் இந்தக் குப்பத்து வழக்கமும் எப்படிப் பொருந்துகிறது பார் என்று எனக்கு நானே கைகுலுக்கிக்கொள்ளாத குறை. அன்றே சட்டம் போட்டேன். குழுவுக்கு ஒரு தலைவர். நான் "வலை இறங்கிடுச்சு" என்று சொன்னால் மற்றவர்கள் உரக்கப் பேசக் கூடாது. கிசுகிசுவென்று கலந்துகொள்ளலாம். பதிலைத் தலைவர் மட்டும்தான் சொல்ல வேண்டும். "வலை ஏறிடுச்சு" என்று நான் சொன்ன பிறகுதான் அவரவர் வாய் அவரவருக்குச் சொந்தம்.

மந்திரம் போட்ட மாதிரி இருந்தது. கொட்டகைக்குள் கடல் சத்தம் கேட்டது. நான் வந்த பிறகு அதைக் கேட்டதே அப்போதுதான். தலைமை ஆசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்து, "பசங்க எல்லாம் வீட்டுக்குப் போயிட்டாங்களா?" என்று கேட்டார். அன்று மாலை என் பழைய ஆசிரியைக்கு நாலு பக்கக் கடிதம் எழுதினேன். அடக்கத்தோடு எழுதியதாகத்தான் ஞாபகம். ஆனால் கடிதத்தில் 'நான்' என்ற சொல் முப்பது தடவையாவது இருந்திருக்கும்.

இப்போது கெளுத்திக் குழுவுக்குள் வாருங்கள். பாளையம் தலைவன். மற்ற நாலு பேரில் ஒருவன் மணலில் படம் போடுவான். ஒருத்தி பின்னலை அவிழ்த்து மறுபடியும் பின்னுவாள். இன்னொருவன் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற வித்தை தெரிந்தவன். ஐந்தாவது தேசம்மா.

தேசம்மாவுக்குப் பதினோரு வயது. ஒல்லிக்குச்சி. கணக்குச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வாள். உதடு மட்டும் லேசாக அசையும். நான் கேள்வியைச் சொல்லி வாயை மூடுவதற்குள் கண்ணைத் திறந்துவிடுவாள். பலகையைத் தொட மாட்டாள். பிறகு பாளையத்தின் காதுக்குள் ஏதோ சொல்வாள். பாளையம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொட்டகை அதிர விடையைச் சொல்வான். நான் "சபாஷ் கெளுத்தி!" என்பேன். ஐந்து பேரும் கைதட்டிக்கொள்வார்கள். தூங்குகிறவனும் எழுந்து தட்டுவான்.

இது எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. இந்தக் கண்ணால்தான் பார்த்தேன். பார்த்துவிட்டு நோட்டில் என்ன எழுதினேன் தெரியுமா? 'குழந்தைகள் தத்தம் இயல்புக்கேற்பப் பங்கு பெறுகின்றனர்.' (தூங்குகிறவனின் இயல்பு தூக்கம்.)

ஒரு நாள் மணி அடித்த பிறகு தேசம்மா மட்டும் நின்றாள்.

"டீச்சரம்மா, நானு ஒரு வாட்டி சொல்லவா?"

"எதை?"

"பதில. வாய்விட்டு."

"பாளையம் சொன்னா நீ சொன்ன மாதிரிதானே, தேசம்மா? குழுன்னா அதுதானே?"

"ஆங்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த 'ஆங்' இன்னும் எனக்கு உறுத்துகிறது. அவள் கேட்டது சின்ன விஷயம். நான் கொடுத்திருக்கலாம். சட்டத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. சட்டம் என்னுடையதல்லவா.

அந்த வருஷம் ஒரு தர்ம ஸ்தாபனத்தார் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். எண்ணூர்ப் பக்கத்துக் குப்பப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு முடிக்கிற ஒரு பிள்ளைக்கு, ஆணோ பெண்ணோ, ராயபுரத்தில் உயர்நிலைப் பள்ளியில் இடம், விடுதி, சாப்பாடு, துணிமணி எல்லாம் இலவசம். பள்ளி ஆய்வாளர் ஒவ்வொரு பள்ளிக்கும் வந்து வாய்மொழியாகக் கேள்வி கேட்டு ஒரு பெயரைச் சிபாரிசு செய்வார். அது தேசம்மாவுக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் அவளுடைய அம்மா எல்லம்மாவிடம்தான்.

எல்லம்மா திருவொற்றியூர் வரை மீன் கூடை சுமந்து விற்கிறவள். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். நான் பேசப் போனபோது கூடையை இறக்காமலே கேட்டாள்.

"படிச்சிட்டு இன்னா பண்ணப் போவுது இது?"

"என்னை மாதிரி டீச்சராகலாம்."

என்னைக் குடையிலிருந்து செருப்பு வரைக்கும் ஒரு தடவை பார்த்தாள். அப்படி ஒன்றும் ஆசைப்பட்ட மாதிரி தெரியவில்லை. ஆனாலும் சொன்னாள்: "தோ பாரு டீச்சரம்மா. எனுக்கு முட்டி தேஞ்சி பூட்ச்சி. தை மாசம் பொறந்தா அது கூடை தூக்கியாவணும். தொரை வந்து அவுரு வாயால, இந்தப் பொண்ண படிக்க வைன்னு சொல்லட்டும், அனுப்பிச்சிடறேன். நானு பல்ல கட்சிகினு இன்னும் அஞ்சாறு வருசம் சொமந்துக்கறேன். இல்லாங்காட்டி இத்தோட உட்டுடு."

"அதை நான் பார்த்துக்கறேன், எல்லம்மா" என்றேன். எவ்வளவு எளிதாகச் சொன்னேன்! பின்னால் நின்ற தேசம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆய்வாளர் வந்த நாளன்று விடியற்காலையிலேயே கொட்டகைக்கு மணல் கொட்டிச் சமன் செய்தோம். மாவிலைத் தோரணம் கட்டினோம். நான் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். (தேசம்மாவுக்காக என்று நினைத்துக்கொண்டுதான் நேர்ந்தேன். மாதாவுக்கு உண்மை தெரிந்திருக்கும்.) தலைப்பாகை, மூடின கோட்டு, தடித்த கண்ணாடி என்று ஆய்வாளர் வந்து அந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். தலைமை ஆசிரியர் நிற்க இடம் தெரியாமல் கம்பத்தோடு கம்பமாக நின்றார்.

"வலை இறங்கிடுச்சு" என்றேன்.

இருபது பேரும் நாலு வட்டமாகச் சுருண்டு உட்கார்ந்தார்கள். சப்தமே இல்லை. ஆய்வாளரின் புருவம் உயர்ந்தது. அவர் இதற்கு முன் பார்த்த பள்ளிகளில் எந்தக் குழந்தையும் இப்படி உட்கார்ந்திருக்காது. எனக்கு உள்ளே பெட்ரோமாக்ஸ் ஏற்றின மாதிரி இருந்தது.

பூகோளத்தில் கேட்டார், இலக்கணத்தில் கேட்டார். குழுக்கள் தலையோடு தலை முட்டிக்கொண்டு கிசுகிசுத்தன. தலைவர்கள் எழுந்து சொன்னார்கள். சுறா ஒன்று தப்பு, நண்டு இரண்டு தப்பு. கெளுத்தி மட்டும் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆய்வாளர் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டார்.

"ஒரு கூடைக்கு முப்பத்தேழு கெளுத்தி மீன். அப்படிப் பதினாலு கூடை. அதில் ஒன்பது மீன் கெட்டுப்போய்விட்டது. மீதி எத்தனை?"

தேசம்மா கண்ணை மூடினாள், திறந்தாள். பாளையத்தின் காதில் சொன்னாள். ஐந்து தலைகள் ஒன்றாகக் குவிந்திருந்ததால் யார் காதில் யார் சொன்னார்கள் என்பது தடித்த கண்ணாடிக்குத் தெரியவில்லை. பாளையம் எழுந்தான்.

"ஐயா, ஐநூத்தி ஒம்போது. ஆனா கெளுத்தி இன்னாத்துக்குக் கெட்டுப் பூடணும்? உப்பு போட்டா கருவாடு ஆயிடுமே!"

ஆய்வாளர் தொடையில் தட்டிச் சிரித்தார். "பேஷ்! கணக்கும் தெரிகிறது, உலகமும் தெரிகிறது. அதிலும் தான் தலைவனாக இருந்தும் மற்றவர்களைக் கலந்துகொண்டே சொல்கிறான் பாருங்கள். சரி, இப்போது நீ மட்டும் தனியாக ஒன்று சொல்லு, அப்பா."

பாளையத்துக்குத் தனியாக ஏழாம் வாய்பாடே தகராறு. அந்த மனுஷர் கணக்கு கேட்டிருந்தால் அத்தோடு குட்டு வெளிப்பட்டு எல்லாம் சரியாகியிருக்கும். எங்கள் கெட்ட நேரம், "வாடைக் காற்று எந்தத் திசையிலிருந்து வரும்?" என்று கேட்டார்.

கடலோரப் பிள்ளையிடம் காற்றைப் பற்றிக் கேட்டால் விடுவானா? வாடை வடக்கே, தென்றல் தெற்கே, கொண்டல் கிழக்கே என்று ஆரம்பித்தான். "கச்சான் மேக்கால. அது அடிச்சா கரைக்குத் திரும்பி வர்றது பேஜாரு ஐயா" என்று கையை நீட்டி வளைத்துக் காட்டினான். எந்த மாதத்தில் எது, எந்தக் காற்றுக்கு எந்த மீன் என்று கால் மணி நேரம் பேசினான். ஆய்வாளர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

பிறகு, கடமைக்காக, பக்கத்தில் இருந்த தேசம்மாவைப் பார்த்து, "நீ சொல்லம்மா. ஒரு டஜன் என்றால் எத்தனை?" என்றார்.

தேசம்மா பாளையத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். வலை இன்னும் கீழே இருக்கிறது. நான் இரண்டு வார்த்தை சொன்னால் போதும், அவள் வாய் திறப்பாள். அதற்காகத்தான் பார்க்கிறாள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ஆனால் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னால் இருபது தொண்டையும் ஒரே நேரத்தில் திறக்கும். தோரணம் அதிரும். இவ்வளவு நேரம் கட்டிக் காத்த அமைதி போய்விடும். இன்னும் ஒரு நிமிஷம் போகட்டும் என்று நினைத்தேன். கண்ணால் ஜாடை காட்டினேன். கண் ஜாடைக்கு எங்கள் சட்டத்தில் இடமில்லை. அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு டஜன் எத்தனை என்று தெரியாத பெண்ணாக.

"பாவம், கூச்சம்" என்றார் ஆய்வாளர். "பாளையம்தானே பேர்? இவனைச் சிபாரிசு செய்கிறேன்."

பாளையம் பதறிப் போனான். "ஐயா, நானு இல்ல ஐயா…"

"பார்த்தீர்களா? அடக்கம்!" என்று தலைமை ஆசிரியரிடம் சொன்னார். கம்பம் தலையை ஆட்டியது.

பாளையம் என் பக்கம் திரும்பினான். "டீச்சரம்மா, நீ சொல்லேன்! இத்தினியும் அதுதானே…"

அந்தச் சமயத்தில் ஆய்வாளர் வருகைப் புத்தகத்தைத் திறந்து எழுத ஆரம்பித்திருந்தார். நான் நின்ற இடத்திலிருந்து தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழாகவே படித்தேன். 'இப்பள்ளியில் குழுமுறைப் போதனை வெகு சிறப்பாக நடைபெறுகிறது. ஆசிரியை பெரிதும் பாராட்டத்…' பேனா 'தக்கவர்' என்று முடிப்பதற்காகக் காத்திருந்தேன்.

"உட்கார், பாளையம்" என்றேன்.

அவன் உட்கார்ந்தான். பேனா முடித்தது. இதற்கு மேல் என்னைத் திட்டிக்கொள்ள எனக்கு வார்த்தை தெரியவில்லை. முட்டாள்தனத்தைப் பற்றி நகைச்சுவையாக எழுதலாம். இது முட்டாள்தனம் இல்லை.

ஆய்வாளரின் வண்டி சத்தம் ஓய்ந்த பிறகு "வலை ஏறிடுச்சு" என்றேன். கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி கூச்சல். தேசம்மா அந்தக் கூச்சலுக்கு நடுவில் என்னிடம் வந்தாள்.

"ஐநூத்தி ஒம்போது சரிதானே, டீச்சரம்மா?"

"சரி."

"ஆங். எனுக்குத் தெரியும்" என்று சொல்லிப் பலகையை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் எல்லம்மா வந்தாள். "தொரை இன்னா சொன்னாரு?"

"பாளையத்தைச் சொல்லிட்டுப் போயிட்டார்."

"எம்பொண்ணு நல்லா படிக்குதுன்னு நீ சொன்னியே?"

"நல்லாத்தான் படிக்கிறா. ஐயா அப்படி முடிவு பண்ணிட்டார்."

"சரி உடு. அவுருக்குத் தெரியாததா?" என்றாள் எல்லம்மா. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பாளையம் ராயபுரம் விடுதியில் ஒன்பது நாள் இருந்தான். பத்தாம் நாள் காலை விடுதிக் கம்பளியைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கடலோரமாகவே நடந்து காத்திவாக்கம் வந்து சேர்ந்தான். அவன் அப்பா அடித்து இழுத்துக்கொண்டு போய் விடுதியில் விட்டார். மறுபடியும் கம்பளியோடு வந்தான். மூன்றாவது தடவை விடுதிக்காரர்களே, பையனை வைத்துக்கொள்ளுங்கள், கம்பளியை மட்டும் திருப்பி அனுப்புங்கள் என்று எழுதிவிட்டார்கள். அந்த இடத்தைத் தேசம்மாவுக்குக் கொடுக்கும்படி நான் ஒரு மனு எழுதினேன். 'பாளையம் வர இயலாமையால்' என்றுதான் எழுதினேன். அந்தப் பதில்களெல்லாம் யாருடையவை என்று எழுதவில்லை. இடம் வேறொரு பள்ளிப் பிள்ளைக்குப் போய்விட்டதாகப் பதில் வந்தது. தை பிறந்தது. தேசம்மா கூடை தூக்கினாள்.

நான் இரண்டு வருஷத்தில் ராயபுரத்துப் பள்ளி ஒன்றுக்கு மாறி வந்தேன். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். பிள்ளைகளைக் குழுவாக உட்கார வைப்பதை மட்டும் விடவில்லை. குழு நல்லதுதான். ஆனால் இப்போது தலைவர் கிடையாது. கலந்து பேசி முடித்த பிறகு சீட்டுப் போட்டு எடுப்பேன். யார் பெயர் வருகிறதோ அந்தப் பிள்ளை தானே எழுந்து, எப்படி விடை வந்தது என்று சொல்ல வேண்டும். அதனால் தெரிந்த பிள்ளை மற்ற நாலு பேருக்கும் சொல்லித் தந்தே ஆக வேண்டும். தூங்குகிறவனை மற்றவர்களே கிள்ளி எழுப்புவார்கள். சக ஆசிரியைகள் நல்ல முறை என்கிறார்கள். எங்கே கற்றீர்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

சில வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, வாசலில் மீன்காரி குரல் கேட்டுக் கதவைத் திறந்தேன்.

"டீச்சரம்மா! நல்லா கீறியா?"

தேசம்மா. அதே ஒல்லி உடம்பு. குரல் மட்டும் தெரு முழுக்கக் கேட்டது. எனக்கு என்ன பேசுவது என்று தெரியாமல் கூடையில் இருந்த மீன் அத்தனையையும் வாங்கிவிட்டேன். வீட்டில் மூன்று நாள் மீன்தான். (நாலாம் நாள் என் கணவர் தமக்கு மீன் என்றாலே ஆகாது என்று அறிவித்தார்.) அதற்குப் பிறகு வெள்ளிதோறும் வருவாள். நான் பேரம் பேசியதே இல்லை. ஏன் என்று கேட்ட கணவருக்கு, பழைய மாணவி என்று மட்டும் சொன்னேன்.

அவருக்கு நான் சொல்லியிருந்த கதை வேறு. வலை இறக்கிய பள்ளிக்கூடம், கருவாட்டுக் கேள்வி, கம்பளி முக்காடு, இவ்வளவுதான். யார் வந்தாலும் அதைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். நான்கூட அங்கங்கே எடுத்துக் கொடுப்பேன்.

போன தபசு காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின விரத நாட்களில், ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய அண்ணன் குடும்பம் வந்திருந்தது. கூடத்தில் கதை நடந்துகொண்டிருந்தது. தேசம்மா வாசற்படியில் குந்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளை வைத்துக்கொண்டு அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நிறுத்தச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

"உடனே பையன் எழுந்து, ஐநூற்றுப் பத்து ஐயா, அப்படின்னானாம்!"

"ஐநூத்தி ஒம்போது" என்றாள் தேசம்மா, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எல்லோரும் திரும்பினார்கள். "உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டார் என் கணவர்.

தேசம்மா கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை. சும்மா காத்திருந்தாள். 'சரி, இலை போட்டாச்சு, எல்லாரும் வாங்க' என்று சொல்வதற்கு என் வாய் தயாராகிவிட்டது. என்னை எனக்குத் தெரியும்.

"அந்தக் கணக்கைப் போட்டவள் இவள்தான்" என்றேன். "எல்லாப் பதிலும் இவளுடையதுதான். அந்தப் பையன் சொல்ல வந்தான். நான் உட்கார வைச்சேன். இன்ஸ்பெக்டர் என்னைப் பத்தி நல்லபடியா எழுதிக்கிட்டிருந்தார். அதனால சொல்லலை. இவ படிக்கப் போயிருக்க வேண்டியவ."

என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

தேசம்மா கத்தியைத் தண்ணீரில் அலம்பினாள். "இத்த சொல்றதுக்கு இன்னாத்துக்கும்மா இம்மா வருசம்?" என்றாள். பிறகு, "வஞ்சிரம் தல வேணுமா, வேணாவா? வேணான்னா நானு எடுத்துக்கறேன்" என்றாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் கம்பளிக் கதையை யாரும் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்துவிட்டது. கடையில் புடைவை எடுக்க நான் யோசித்தாலும் சரி, கூப்பிட்ட குரலுக்கு உடனே 'வரேன்' என்று சொல்லாவிட்டாலும் சரி, என் சின்ன மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அச்சாகத் தேசம்மா குரலில், "இன்னாத்துக்கும்மா இம்மா வருசம்?" என்பாள். வீடே சிரிக்கும். வெள்ளிக்கிழமையாக இருந்தால் வாசற்படியிலிருந்து தேசம்மாவும் சிரிப்பாள். நானும் சிரிக்கிறேன். அவள் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.